மனையும் நிலமும்: காவிரிப் படுகையில் வீடு கைமாறிய வரலாறு

காவிரிப் படுகையின் சிற்றூர்களில் இரண்டு கட்டு, மூன்று கட்டு கொண்ட பழைய ஓட்டு வீடுகள், கொல்லையோடும் எஞ்சியிருக்கும் சில மா நஞ்சையோடும் சேர்ந்து விற்பனைக்கு வருவது இன்று அன்றாட நிகழ்வாகிவிட்டது. வாங்குபவர் சதுர அடியையும் சென்ட்டையும் கணக்கிட்டு விலை பேசுகிறார். விற்பவர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து வைக்கிறார். ஆனால் இப்பகுதியில் வீடும் நிலமும் சேர்ந்து கைமாறுவது ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கமாகும். அக்காலம் முழுவதும் விற்பனை ஆவணம் வீட்டோடு வேறு எவற்றையெல்லாம் சேர்த்துக் கொடுத்தது என்பதே ஊர் எவ்வாறு அமைந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. நீர், மரம், பொதுநிலத்தில் பங்கு, ஊர்ச் சபையில் இடம், சில காலங்களில் மனிதரின் உழைப்பும் உடலும்கூட அப்பட்டியலில் இருந்தன. அவை ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து நீங்கிய கதையே இப்பெரிய வீடுகளின் உண்மையான வரலாறு.

சோழர் காலத்தில் மனையும் நிலமும் பிரிக்க முடியாதவையாகக் கருதப்பட்டன என்பதற்குப் படுகைக்கு வெளியே, தொண்டை மண்டலத்து உத்தரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் தெளிவான சான்று தருகின்றன. பொ.ஆ. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள், குடவோலை முறையில், அதாவது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கான தகுதிகளை வகுத்தன. அவற்றுள் முதன்மையானவை, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவராக இருத்தலும், தமக்குரிய மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்தலும் ஆகும். நிலம் மட்டும் இருந்து மனை இல்லாதவரும், மனை இருந்து போதிய நிலம் இல்லாதவரும் பொதுவாக அந்த வட்டத்துக்கு வெளியே நின்றனர். ஆகவே வீட்டோடு கூடிய நிலத்தை விற்றவர் செல்வத்தோடு ஊர்க் காரியங்களில் தமக்கிருந்த வாக்கையும் இழக்க நேர்ந்தது.

நில அளவைகளை இங்கே விளக்கிக்கொள்வது நலம். வேலி என்பது பெரிய அளவு. அதன் இருபதில் ஒரு பங்கு மா. பிற்காலத் தஞ்சை வழக்கின்படி ஒரு வேலி ஏறக்குறைய 6⅔ ஏக்கர். ஒரு மா 33 சென்ட். ஒரு மாவில் 100 குழிகள் அடங்கும். ஒரு குழி 144 சதுர அடி. சோழர் கால அளவுகோல் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் அக்கால வேலியை இன்றைய ஏக்கரோடு அப்படியே பொருத்திவிட முடியாது. எனினும் வேலியும் மாவும் பெயரளவில் தொடர்ந்து வந்து, பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸும் எழுதப்படும் இன்றும் படுகை விவசாயிகளின் பேச்சில் புழங்குகின்றன.

சோழர் கால விற்பனை ஆவணங்கள், விலையாவணம் எனப்பட்டவை, கோயில் சுவர்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஏனெனில் நிலத்தை வாங்கிக் கோயிலுக்குக் கொடையளித்தவர்கள் தமது உரிமையின் மூலத்தையும் சேர்த்துக் கல்லில் வெட்டுவித்தனர். அவை கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கு திசை எல்லைகளையும் வாய்க்கால், வதி, பக்கத்து நிலம் ஆகியவற்றின் பெயரோடு வரையறுத்து, அவ்வெல்லைக்குள் உள்ள எதுவும் விடுபடாமல் விற்கப்பட்டதென உறுதி கூறுகின்றன. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் நிலத்தோடு சேர்ந்தவை என்பதும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாம் அதில் அடங்கும் என்பதும் மீண்டும் மீண்டும் வரும் மரபுத் தொடர்கள். உடும்பு ஓடுவது மேட்டில். ஆமை தவழ்வது நீர் தேங்கிய பள்ளத்தில். ஆகவே மேடும் பள்ளமும், விளையும் நிலமும் விளையாத நிலமும் வேறுபாடின்றிக் கைமாறின என்பதை எழுத்தறியாதவரும் ஐயமின்றி உணரும்படி இத்தொடர் சொல்லிவிடுகிறது.

விற்பனை எப்போதும் விருப்பத்தின்பேரில் நடந்ததில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள, முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரும் அவர்களின் உறவினரும் உடைமை இழந்ததைப் பதிவு செய்கிறது. அரசன் அனுப்பிய ஓலையின்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை அவர்களின் சொத்துக்களைக் கைப்பற்றி விற்றது. அவ்வாறு விற்கப்பட்ட நிலத்தோடு அகமனைகளும், அதாவது வீடு கட்டிய மனைகளும், சேர்ந்திருந்தன. ஒரு குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் ஒருங்கே பறிப்பது அக்குடும்பத்தை ஊரிலிருந்தே நீக்குவதற்கு ஒப்பானது என்பதை இத்தண்டனை காட்டுகிறது. வறுமையின் கொடுமை இதனினும் ஆழமானது. 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சத்தால் நொந்த வேளாளர் ஒருவரும் அவருடைய இரு மகள்களும் தம்மையே கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகிறது.

தனியார் ஒருவர் மற்றொருவருக்கு நிலம் விற்பது சோழர் காலம் முழுவதும் ஒரே அளவில் நடக்கவில்லை. நொபொரு கராஷிமா என்னும் சப்பானிய வரலாற்றறிஞர் காவிரிக் கரைக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்து, தொடக்கத்தில் வேளாளர் ஊர்களில் நிலம் பெரும்பாலும் ஊராரின் கூட்டு உடைமையாகவும் பிராமணர் ஊர்களில் தனியுடைமையாகவும் இருந்தது என்றும், 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தனியார் விற்பனை பெருகிப் பெரிய நிலவுடைமையாளர் தோன்றினர் என்றும் காட்டினார். பெரிய பண்ணை வீடு என்று பிற்காலத்தார் அறிந்த அமைப்பின் வேர் இந்த மாற்றத்தில் இருக்கிறது. பல வேலி நிலத்தின் விளைச்சலை ஒரே களத்தில் அடித்து ஒரே வீட்டில் சேர்க்கும் நிலை உருவான பின்னரே அத்தனை பெரிய வீட்டுக்குத் தேவை எழுந்தது.

1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, நிலவுரிமை மிராசு என்ற பெயரில் வழங்கியது. மிராசு என்பது பரம்பரையாக வரும் உரிமை. அதை உடையவர் மிராசுதார். ஊர் முழுவதும் ஒருவருக்கே உரியதாயின் ஏகபோகம் என்றும், பலர் தனித்தனியே பிரித்து ஆண்டால் பாலபோகம் என்றும், பங்காளிகள் பொதுவில் வைத்திருந்தால் சமுதாயம் என்றும் அக்கால அதிகாரிகள் தம் அறிக்கைகளில் வகைப்படுத்தினர். சமுதாய ஊர்களில் கரையீடு என்னும் முறைப்படி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வயல்களைச் சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்வது உண்டு. நல்ல வாய்க்கால் மடைக்கு அருகில் உள்ள வயல் ஒருவரிடமே என்றென்றும் தங்கிவிடாதிருக்க அது வழி செய்தது. அத்தகைய ஊரில் ஒருவர் விற்றது குறிப்பிட்ட வயலை அன்று; ஊரில் தமக்கிருந்த பங்கை. அப்பங்கோடு மனை, கொல்லை, களத்துமேடு, குளத்து மீன்பாசி, மரவடை, சாகுபடியாகாத திடல் ஆகியவற்றில் உள்ள உரிமையும் சென்றது.

அக்காலக் கிரய சாசனங்கள், அதாவது விற்பனைப் பத்திரங்கள், விசயநகர, நாயக்கர் காலச் செப்பேடுகளின் நடையைத் தொடர்ந்து, நிலத்தோடு அஷ்டபோகம் என்னும் எட்டு அனுபோகங்களையும் கொடுத்ததாக எழுதின. நிதி என்பது புதையல்; நிட்சேபம் என்பது வைத்த பொருள்; ஜலம் நீர்; பாஷாணம் கல்; அட்சீணி குறையாத பயன்; ஆகாமி இனி வரும் பயன்; சித்தம் கைகூடிய பயன்; சாத்தியம் முயன்றால் கைகூடும் பயன். சந்திர சூரியர் உள்ள வரையில் புத்திர பவுத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்த அப்பத்திரங்கள், நிலத்தின் மேற்பரப்பை மட்டுமன்றி அதன் அடியையும் எதிர்காலத்தையும் விற்றன. இன்றைய பத்திரங்களில் இத்தொடர்கள் சில இன்னும் சிதைந்த வடிவில் எஞ்சியிருப்பது, எழுத்தர் மரபு ஆட்சி மாற்றங்களையும் கடந்து நிற்கக் கூடியது என்பதற்குச் சான்று.

அந்த மரபின் இருண்ட பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் பள்ளர், பறையர் சமூகத்து உழவுத் தொழிலாளர் பலர் அடிமைகளாக நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்டனர், அடகு வைக்கப்பட்டனர் என்பது கம்பெனி அரசின் வருவாய் ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காதபடி செய்ததால், மனிதரை விற்கும் வாசகம் பத்திரத்திலிருந்து நீங்கியது. ஆனால் கடனாலும், குடியிருக்கும் குடிசையின் அடிமண் பண்ணைக்கே உரியது என்ற நிலையாலும் கட்டுண்ட பண்ணையாள் முறை அதன் பின்னும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. பண்ணை விற்கப்பட்டால் அதில் உழைத்த குடும்பங்கள் எழுத்தில் இல்லாமலேயே புதிய முதலாளிக்குக் கைமாறின.

இவ்வுழைப்பின் மீது எழுந்த வீட்டின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அதன் ஒவ்வொரு பகுதியும் நெல்லின் வழியைப் பின்பற்றியே அமைக்கப்பட்டிருப்பது புலனாகும். தெருவை நோக்கிய திண்ணையில் வாரக் கணக்கும் வழக்குப் பேச்சும் நடந்தன. அதை அடுத்த ரேழி என்னும் குறுகிய நடைவழி கூடத்துக்கு இட்டுச் செல்லும். கூடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் கொடுக்க, அதைச் சுற்றிய தாழ்வாரத்தின் நாட்டு ஓடுகள் வழியே மழைநீர் முற்றத்தில் இறங்கி மதகு வழியாக வெளியேறியது. கூடத்தை ஒட்டிய அறையில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் செய்த மரப் பத்தாயமும், சுட்ட மண் உறைகளை அடுக்கிய குதிரும் நின்றன. மேலே நெல்லைக் கொட்டவும் கீழே சிறு வாய் வழியே அள்ளவும் அவை வசதி செய்தன. இரண்டாம் கட்டில் சமையலும், மூன்றாம் கட்டில் நெல் அவித்தலும் குத்துதலும், அதற்கும் அப்பால் கொல்லையில் கிணறு, மாட்டுத் தொழுவம், வைக்கோல் போர், தென்னை, வாழை ஆகியவையும் அமைந்தன. பண்ணையாள் பலருக்குக் கொல்லை வாசல் வரையே நடமாட்டம் அனுமதிக்கப்பட்டது. திண்ணையும் கூடமும் சாதியின்படி மூடப்பட்டிருந்தன.

19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் விற்பனையின் சட்ட வடிவம் மாறியது. ரயத்துவாரி முறையின்படி அரசு ஒவ்வொரு நிலத்துக்கும் அளவை எண் கொடுத்து, பட்டா வைத்திருப்பவரிடம் நேரே வரி வாங்கியதால், ஊர்ப்பங்கு என்ற கருத்து தளர்ந்து தனி வயல் என்ற கருத்து வலுப்பெற்றது. 1864 முதல் இயற்றப்பட்ட பதிவுச் சட்டங்களும், 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும் என்ற விதியை நிலைநாட்டின. ஊரார் சாட்சியில் நின்ற நம்பிக்கை இவ்வாறு அலுவலகப் பேரேட்டுக்கு நகர்ந்தது. முன்பின் அறியாத ஒருவரும் வில்லங்கம் பார்த்து, அதாவது சொத்தின் மீது முந்தைய விற்பனையோ அடமானமோ உண்டா என்று பேரேட்டில் தேடி, வாங்கும் நிலை பிறந்தது. வெளியூர்ப் பணம் படுகைக்குள் நுழையச் சட்டம் திறந்துவிட்ட வாசல் இது.

விற்பவரை ஊரைவிட்டு இழுத்த ஆற்றல்களும் அதே காலத்தில் எழுந்தன. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இலும் திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த ஆண்டிலும் இருப்புப் பாதை வந்தது. 1854-இல் பள்ளியாகத் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளை வழக்கறிஞர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் ஆக்கிச் சென்னைக்கு அனுப்பியது. நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டுவிட்டு நகரில் வாழும் உடைமையாளர் பெருகினர். வாரம் என்பது விளைச்சலில் பங்கு, குத்தகை என்பது விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டிய நிலையான அளவு. பின்னர் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, வரியும் வட்டியும் குறையாததால் கடனில் மூழ்கிய குடும்பங்கள் நிலத்தை விற்றன. கடன் சுமையைக் குறைக்க இராசாசி தலைமையிலான அரசு 1938-இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சமூகவியலறிஞர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல், பிராமணக் குடும்பங்கள் நகருக்குப் பெயர, நிலம் அவர்கள் கையைவிட்டு நீங்கிப் பிற சாதியார் கைக்குச் செல்வதை விளக்கியது.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் பத்திரத்தின் பட்டியலை மேலும் சுருக்கின. இம்முறை அது நீதியின் பொருட்டுச் சுருங்கியது. 1952-இன் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் உழுபவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்தன. எனவே நிலம் விற்கப்பட்டாலும் சாகுபடி உரிமை குத்தகைதாரரிடமே தங்கியது. 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பிட்டது. 1970-இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. தர ஏக்கர் என்பது மண்ணின் தரத்தையும் நிலவரியையும் கொண்டு கணக்கிடப்படும் அளவு. வரம்புக்கு அஞ்சி உறவினர் பெயரிலும் பினாமி பெயரிலும் நிலத்தைப் பிரித்து எழுதியதும், அவசரமாக விற்றதும் பரவலாக நடந்தன. இச்சட்டங்களின் பின்னால் செங்கொடிச் சங்கங்களின் நெடிய போராட்டமும், 1970-இன் குறைப்புக்குப் பின்னால் 1968 திசம்பர் 25-இல் கீழவெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக ஒரே குடிசைக்குள் தலித் உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பெருங்கொடுமையும் நிற்கின்றன.

இவற்றுள் வீட்டு வரலாற்றை நேரடியாகத் தொடுவது 1971-இன் குடியிருப்பு உரிமையளிப்புச் சட்டம். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த உழவுத் தொழிலாளர் அம்மனைக்கு உரிமையாளராயினர். கூலி கேட்டால் குடிசையைக் காலி செய் என்று மிரட்டும் வழி அத்துடன் சட்டப்படி அடைபட்டது. பெரிய வீட்டை விற்பவர் சேரி மனைகளையும் சேர்த்து விற்கும் நிலையும் முடிந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டு சொந்த மனை உடையவருக்கு அளித்த மதிப்பு, மனையே இல்லாதிருந்த மக்களுக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பின் சட்டத்தால் திறக்கப்பட்டது என்ற வகையில் இது தமிழ்நாட்டு நிலச் சட்டங்களுள் மிகுந்த போற்றுதலுக்குரியது.

மகளிர் உரிமையும் விற்பனையின் போக்கை மாற்றியது. 1989-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு இணையான பங்கை அளித்தது. 2005-இன் மத்தியத் திருத்தம் அவ்வுரிமையை நாடு முழுவதற்கும் விரித்தது. பூர்வீக வீட்டை இன்று விற்க முனைபவர் சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழும் உடன்பிறந்தார் அனைவரின் கையெழுத்தையும் பெற வேண்டியிருப்பதால், பல வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, உத்தரம் கறையான் அரித்த பின்னரே விலைக்கு வருகின்றன. இன்னொரு சிக்கல் அடிமனை எனப்படும் கீழ்மண் பற்றியது: படுகையின் பல தெருக்களில் வீட்டுக் கட்டடம் குடும்பத்துக்கும், அது நிற்கும் மண் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. 1959-இன் இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி கோயில் நிலத்தை முன் அனுமதியின்றி விற்க இயலாததால், அத்தகைய வீட்டை வாங்குபவர் மண்ணின் மீது உரிமை பெறாமல் சுவர்களையும் கூரையையும் மட்டுமே பெறுகிறார்.

வாங்கப்பட்ட வீடுகளில் ஒரு பகுதி வாழ்விடமாக நீடிக்கிறது. மற்றொரு பகுதி பிரிக்கப்பட்டு, தேக்குத் தூணும் கதவு நிலையும் பத்தாயப் பலகையும் பழம்பொருள் கடைகளுக்குச் செல்ல, மனை தனிப் பிளாட்டுகளாகிறது. வயல்களைப் பொறுத்தவரை, 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு போன்ற சில தொழில்களைப் படுகையில் புதிதாகத் தொடங்கத் தடை விதித்திருக்கிறது. வீட்டுக்கோ அதில் குவிந்த ஆவணங்களுக்கோ அத்தகைய காப்பு எதுவும் இல்லை. பரணில் கிடக்கும் ஓலைச் சுருணைகள், முத்திரைத்தாள் பத்திரங்கள், வாரக் கணக்கேடுகள், பண்ணையாள் கடன் சீட்டுகள் ஆகியவை வீடு கைமாறும் வாரத்தில் எடைக்குப் போய்விடுகின்றன.

இந்த இழப்பே இன்று பெரிதும் கவலைக்குரியது. பெரிய வீடுகள் விற்கப்படுவதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. கைமாறுதல் இப்பகுதியின் பழைய வழக்கம், அதன் வழியாகவே முன்பு உரிமையற்றிருந்தவர் பலர் உடைமையாளராயினர். ஆனால் வயலில் உழைத்தவர் பெயர்களை விலையாவணம் எழுதவில்லை, சார்பதிவாளர் பேரேடும் எழுதவில்லை. நாள்கூலியும் நெல் அளவும் கடனும் அவரவர் பெயரோடு பதிவான ஒரே இடம் பல ஊர்களில் பண்ணை வீட்டுக் கணக்கேடுதான். ஆகவே வீட்டை விற்கும் குடும்பம் விலை பேசுவதற்கு முன் அவ்வேடுகளைப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒப்படைப்பதும், கட்டடத்தை அளந்து வரைபடமாக்கிப் படமெடுத்து வைப்பதும் கடமையாகும். சோழர் கால விற்பனைகளைக் கோயில் சுவர்கள் காத்துத் தந்ததால்தான் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊரை இன்று அறிய முடிகிறது; கடந்த இருநூறு ஆண்டு ஊரை வருங்காலம் அறிவது, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அக்கணக்குகள் மீட்கப்படுவதைப் பொறுத்தது.